ஒன்பதாம் வரிசையில் மூன்று மேடுகள்

செந்தூல்,
14.3.1993

அன்பு மகள் மேரிக்கு அப்பா எழுதுவது.

'இங்கு அனைவரும் நலம்' என்று எழுதிவிட்டு எண்ணிப் பார்த்தேன். அனைவரும் என்றால் இப்போது நான் ஒருவன்தான். ஆகவே இங்கு ஒருவன் நலம்.

நீ எனக்குக் கடைசியாக எழுதிய கடிதம் போன வருடம் மார்ச் மாதம், நான்கு வரி. அப்புறம் கிறிஸ்மஸுக்கு ஒரு கார்டு வந்தது. அதில் உன் பெயர் மட்டும் இருந்தது. நம் புளோக்கில் புஷ்பவல்லி அக்காவிடம் பெருமையாகக் காட்டினேன். திருப்பித் திருப்பிப் பார்த்துவிட்டு, "புள்ளைக்கு எழுத நேரமில்ல போல லா" என்றார். "ஆமாக்கா, நட்சத்திரம் நெறைய கெடக்குல்ல" என்று சமாளித்தேன்.

உன் கோபத்தைத் தப்பு என்று நான் சொல்லவில்லை. அம்மா ஐந்து நாள் ஆஸ்பத்திரியில் கிடந்தாள், உனக்குச் சொல்லவில்லை. கிள்ளானில் அடக்கம் செய்தோம், உனக்குச் சொல்லவில்லை. எல்லாம் முடிந்த மறுநாள் திங்கட்கிழமை, நீ நட்சத்திரம் பார்க்கிற மலையிலிருந்து இறங்கிய பிறகு சொன்னேன். எந்தப் பிள்ளைக்கும் கோபம் வரும். ஆனால் இன்று எழுதுவது அதைப் பற்றி இல்லை. அதைவிட வெட்கமான ஒரு காரியம். சுற்றி வளைக்காமல் எழுதிவிடுகிறேன், வளைத்தால் எழுத மாட்டேன்.

மகளே, உன் அம்மாவின் குழி எது என்று எனக்குத் தெரியவில்லை.

போன வாரம் ஏழாம் தேதி வருஷ நினைவுக்காக நானும் உன் கிரிகரி மாமாவும் போனோம். கல்லறைத் தோட்டத்தின் ஓரத்தில் மழைத்தண்ணீர் போகிற லோங்காங்கைப் பெரிதாக வெட்டியிருக்கிறார்கள். ஜனவரியில் வேலை. யாரோ கொந்திராக் எடுத்தவன் ஒன்பதாவது வரிசைக் கோடியில் இருந்த மரச்சிலுவைகளைப் பிடுங்கி ஒரு பக்கம் அடுக்கிவிட்டு, வேலை முடிந்ததும் கையில் வந்தபடி நட்டிருக்கிறான். அங்கே கல் வைக்காத மேடுகள் மூன்று. அம்மா பெயர் எழுதிய சிலுவை லோங்காங்கை ஒட்டிய முதல் மேட்டில் நிற்கிறது. எனக்கு என்னவோ அவளுக்கும் லோங்காங்குக்கும் நடுவில் வேறு யாரோ இருந்த மாதிரி ஞாபகம்.

'ஞாபகம்' என்று எழுதவே கூசுகிறது. இந்த ஒரு வருடத்தில் நான் அங்கே போனது மூன்றே முறை. முப்பதாம் நாள் ஒரு தடவை, நவம்பரில் கல்லறைத் திருநாளுக்கு ஒரு தடவை, இப்போது. செந்தூலிலிருந்து கிள்ளானுக்கு இரண்டு பஸ், கால் வலி என்று எல்லோரிடமும் சொல்லிக்கொண்டிருந்தேன். கால் நன்றாகத்தான் இருக்கிறது.

கல் வைத்திருந்தால் இந்த வம்பு இல்லை. கல்லில் என்ன எழுதலாம் என்று கேட்டு உனக்கு இரண்டு கடிதம் போட்டேன். நம் வீட்டில் படித்தவள் நீ ஒருத்தி, நீதான் எழுத வேண்டும் என்று பிடிவாதமாக இருந்தேன். நீ பதில் போடவில்லை, நான் கல் போடவில்லை. உன்மேல் குற்றம் சொல்லவில்லை. நடந்ததைச் சொன்னேன்.

மாமா என்னைத் தோட்டத்திலேயே கிழித்துவிட்டார். "மச்சான், ரயில் சக்கரத்துல மயிரு மாதிரி விரிசல் இருந்தாலும் கண்டுபிடிச்ச ஆளு நீங்க. எங்க அக்காவ எங்க வெச்சோம்னு தெரியலயா?" என்றார். வரும்போது பஸ்ஸில் எனக்கும் சேர்த்து அவரே டிக்கெட் எடுத்தார். அதுதான் இன்னும் வலித்தது.

தொலைந்து போன நட்சத்திரத்தையெல்லாம் கண்டுபிடிக்கிற படிப்பு படிக்கிறாய். அப்பாவுக்கு ஒரு வழி சொல்.

உன் அப்பா
இக்னேஷியஸ்

*

சிட்னி,
3.4.1993

அப்பா,

கடிதம் கிடைத்தது. ஒரு வாரம் பதில் எழுதக்கூடாது என்றுதான் இருந்தேன். பிறகு அம்மா ஒரு பெயரில்லாத மேட்டில் இருப்பது நினைவுக்கு வந்துகொண்டே இருந்தது. அதற்காக மட்டும் எழுதுகிறேன்.

நான் தேடுவது தொலைந்த நட்சத்திரம் இல்லை, வெடித்துச் செத்த நட்சத்திரத்தின் மிச்சம். சூப்பர்நோவா எச்சம் என்பார்கள். வெடித்தபின் ஆயிரக்கணக்கான வருடங்கள் ஒரு வளையம் போல விரிந்துகொண்டே இருக்கும். சிக்கல் என்னவென்றால் வானத்தில் வளையமாக இருப்பதெல்லாம் எச்சம் கிடையாது. புதிதாகப் பிறந்த நட்சத்திரம் தன்னைச் சுற்றி இருக்கிற வாயுவைச் சூடாக்கினாலும் அதே மாதிரி வளையம் தெரியும். ஒன்று சாவு, ஒன்று பிறப்பு. பார்வைக்கு ஒரே மாதிரி.

அதனால் ஒரு கருவியை நம்ப மாட்டோம். ரேடியோ அலையில் பார்ப்போம். அதுவே இரண்டு அலைநீளத்தில் பார்ப்போம், பிரகாசம் எப்படிக் குறைகிறது என்று தெரிய. எக்ஸ்ரேயில் பார்ப்போம், எச்சமாக இருந்தால் உள்ளே பல லட்சம் டிகிரிச் சூடு இருக்கும். சாதாரண வெளிச்சத்தில் கந்தகத்தின் நிறம் ஹைட்ரஜனுக்குப் பக்கத்தில் எவ்வளவு பலமாக இருக்கிறது என்று அளப்போம். அகச்சிவப்பில் சூடான தூசு அதிகமாகத் தெரிந்தால் சந்தேகப்படுவோம், அது பிறப்பாக இருக்கலாம். ஒன்றுக்கொன்று சம்பந்தமில்லாத இரண்டு சாட்சியாவது ஒரே பதிலைச் சொல்ல வேண்டும். சொல்லாதவரை அதற்குப் பெயர் 'இருக்கலாம்'.

சிலுவை ஒரு சாட்சி. அதைத் தொட்டவன் நகர்த்திவிட்டான், அதனால் அது செல்லாது. வேறு என்ன இருக்கிறது? கோயில் பதிவேடு, குழி வெட்டியவர், அன்று எடுத்த படம். எல்லாவற்றையும் தனித்தனியாகக் கேளுங்கள். ஒருவர் சொன்னதை இன்னொருவரிடம் சொல்லாதீர்கள்.

மேரி

*

செந்தூல்,
25.4.1993

அன்பு மகள் மேரிக்கு,

உன் கடிதத்தை நாலு தரம் படித்தேன். மூன்றாவது தரம் புரிந்தது. நாலாவது தரம் நான் கெட்டிக்காரன் என்பதற்காகப் படித்தது.

இது எங்கள் வொர்க்‌ஷாப் சங்கதிதான் மகளே. சக்கரத்தைச் சுத்தியலால் தட்டினால் நல்ல சக்கரம் மணி மாதிரி பேசும், விரிசல் விழுந்தது தொண்டை கட்டின மாதிரி பேசும். ஆனால் காதை மட்டும் நம்பிச் சக்கரத்தைக் கழற்ற மாட்டோம். எண்ணெய் தடவித் துடைத்துவிட்டு மேலே சுண்ணாம்பு பூசி வைப்போம். விரிசலுக்குள் ஒளிந்திருந்த எண்ணெய் மெல்லக் கசிந்து வெள்ளையில் கறுப்புக் கோடாக நிற்கும். காதும் கண்ணும் ஒன்றைச் சொன்னால்தான் சக்கரம் இறங்கும். நீ இதற்காக அவ்வளவு தூரம் போய்ப் படித்திருக்க வேண்டியதில்லை. செந்தூலிலேயே சேர்த்துவிட்டிருப்பேன்.

சரி, விசாரணை. முதலில் கோயில் பதிவேடு. உபதேசியார் எடுத்துக் காட்டினார். 'மகதலேனா இக்னேஷியஸ், வரிசை ஒன்பது, எண் பதினான்கு.' எனக்குச் சந்தோஷம் தாங்கவில்லை. ஓடிப்போய்ப் பாதைப் பக்கமிருந்து எண்ணினேன். நடுவில் ஒரு குழந்தைக் குழி இருக்கிறது, முழங்கை நீளம். அதையும் எண்ணினால் இரண்டாவது மேடு. அதை விட்டுவிட்டால் முதலாவது. உபதேசியாரிடம் கேட்டேன். "சில பேரு எண்ணுவாங்க, சில பேரு எண்ண மாட்டாங்க, அது அப்ப எழுதின ஆளப் பொறுத்து அங்கிள்" என்றார். அப்போது எழுதியவர் இப்போது ஈப்போவில் மகள் வீட்டில் நினைவு தப்பிக் கிடக்கிறாராம்.

அடுத்தது குழி வெட்டும் பக்கிரிசாமி. பாராங் கத்தியால் புல் வெட்டிக்கொண்டிருந்தார்.

"பக்கிரி, என் சம்சாரம் ரெண்டாவது மேடுதானே?"

"ஆமாண்ணே, ரெண்டாவதுதான்."

"இல்ல, மூணாவதா இருக்குமோ?"

"இருக்கும்ண்ணே. மூணாவதுதான்."

"மொத மேட்டுல சிலுவை நிக்குதே?"

"அப்ப மொதலாவதுதாண்ணே."

நல்ல மனுஷன். வந்தவர் யாரும் மனக்கஷ்டத்தோடு திரும்பிப் போகக்கூடாது அவருக்கு.

வெட்கத்தை விட்டு இன்னொன்றும் எழுதுகிறேன். வொர்க்‌ஷாப் சுத்தியலைப் பையில் கொண்டு போயிருந்தேன். பக்கிரிசாமி அந்தப் பக்கம் போனதும் மூன்று மேட்டையும் தட்டிப் பார்த்தேன். மண் மண் மாதிரியே பேசியது. பக்கத்துக் கல்லறைக்கு வந்திருந்த ஒரு பெண் தன் பிள்ளையை இழுத்துக்கொண்டு அடுத்த பாதைக்குப் போய்விட்டாள்.

அடக்கத்தன்று கிரிகரி மாமா ஒரே ஒரு படம் எடுத்தார். கழுவி, உறையில் போட்டு ஒட்டி, முப்பதாம் நாள் என் கையில் கொடுத்தார். நான் அந்த உறையைப் பிரிக்கவே இல்லை. பீரோவில் அம்மா சேலைக்கு அடியில் இருந்தது. அப்படியே இதோடு வைத்து அனுப்புகிறேன். எனக்குப் பார்க்கத் தைரியம் இல்லை, நீ பார்த்துச் சொல்.

முதல் மேடு அம்மா இல்லையென்றால் அது இராஜம்மா என்கிற கிழவி. பதிவேட்டில் வயது எண்பத்தொன்று, உறவு என்ற இடத்தில் ஒன்றும் எழுதவில்லை. மார்ச்சில் நான் அழுதது முழுவதும் அந்தக் கிழவிக்குத்தான் போயிருக்கும். திருப்பிக் கேட்கவா முடியும்.

அப்பா

*

சிட்னி,
16.5.1993

அப்பா,

படம் வந்தது. முதல் இரண்டு நாள் என்னாலும் பார்க்க முடியவில்லை. பிறகு பூதக்கண்ணாடி வைத்துப் பார்த்தேன். வேலை என்று நினைத்துக்கொண்டால் பார்க்க முடிகிறது.

பெட்டி பாதி இறங்கியிருக்கிறது. குழியின் தலைமாட்டுக்கு நேர் பின்னால், வேலிக்கு வெளியே, ஒரு மின்கம்பம். அந்தக் கம்பம் நீலச் சிப்பி ஓடு பதித்த ஒரு கல்லறையின் இடது ஓரத்தைத் தொட்டபடி தெரிகிறது. படத்தின் கீழ் மூலையில் தண்ணீர்க் குழாயின் பித்தளைத் தலை கொஞ்சம் வந்திருக்கிறது. அப்படியென்றால் மாமா குழாயடியில் இருக்கும் சிமெண்டுத் திட்டின்மேல் ஏறி நின்று எடுத்திருக்கிறார். அந்தத் திட்டில் அதே இடத்தில் ஏறி நில்லுங்கள். கம்பமும் நீல ஓட்டின் இடது ஓரமும் ஒன்றாகச் சேர்கிற இடத்திலிருந்து உங்கள் கால் வரைக்கும் மனதில் ஒரு கோடு போடுங்கள். அந்தக் கோடு எந்த மேட்டின் தலைமாட்டில் ஏறுகிறதோ அதுதான். கம்பத்தையும் கல்லையும் யாரும் நகர்த்தியிருக்க முடியாது.

பக்கிரிசாமி அண்ணனிடம் 'இதுவா அதுவா' என்று கேட்காதீர்கள். 'அந்த வரிசையில் வெட்டும்போது ஏதாவது நடந்ததா' என்று மட்டும் கேட்டுவிட்டுச் சும்மா இருங்கள். உங்களுக்குச் சும்மா இருப்பது கஷ்டம் என்று தெரியும்.

இன்னொரு விஷயம். நீங்கள் உறையைப் பிரிக்கவில்லை என்று எழுதியிருந்தீர்கள். அதனால் படத்தின் பின்பக்கத்தையும் பார்த்திருக்க மாட்டீர்கள். மாமா நீலப் பேனாவில் எழுதியிருக்கிறார்: '8.3.92. அக்கா கடைசி நிமிஷம் வரைக்கும் மேரி எங்கே, மேரி எங்கே என்றுதான் கேட்டது.'

போன வருடம் நீங்கள் எனக்கு எழுதியது வேறு. அந்தக் கடிதம் என்னிடம் இருக்கிறது. 'அம்மாதான் உனக்குச் சொல்ல வேண்டாம் என்றாள். மலையில கிடைக்கிற ஆறு ராத்திரிக்காகப் பிள்ளை ஒரு வருஷம் காத்திருந்தது, கெடுக்காதீங்க என்றாள்.' நான் உங்கள்மேல் கோபப்பட்டேன், அம்மாமேலும் கோபப்பட்டேன். இந்த ஒரு வருடமும் செத்துப்போன அம்மாவிடம் கோபமாக இருந்திருக்கிறேன்.

எது உண்மை?

மேரி

*

செந்தூல்,
6.6.1993

அன்பு மகள் மேரிக்கு,

நல்ல செய்தி. இரண்டாவது மேடு.

நானும் மாமாவும் போன ஞாயிற்றுக்கிழமை போனோம். திட்டில் ஏறி நின்றேன். வழுக்கி விழுந்தேன். மறுபடி ஏறினேன். கம்பமும் நீல ஓடும் சேருகிற இடம், கோடு நேராக இரண்டாவது மேட்டின் தலையில் போய் நின்றது. மாமாவையும் ஏற்றிப் பார்த்தேன். அவரும் விரலால் அதையேதான் காட்டினார்.

பக்கிரிசாமியிடம் நீ சொன்ன மாதிரியே கேட்டுவிட்டு நாக்கைக் கடித்துக்கொண்டு நின்றேன். ரொம்ப நேரம் புல்லையே வெட்டிக்கொண்டிருந்தார். அப்புறம் தானாகச் சொன்னார். "அந்த வரிசையில ஒரு குழி பெரிய தொல்லண்ணே. தலைமாட்டுல பழைய சிமெண்டுக் குழாய் ஒண்ணு குறுக்கால போச்சு. ஒடைக்க முடியல, ஒரு அடி தள்ளிக் கோணலா வெட்டினேன். அன்னைக்குத்தான் ரயில்வே ஆளுங்க கூட்டமா வந்தாங்க, ஒருத்தரு எனக்கு சட்டை குடுத்தாரு, மழையில நனைஞ்சுட்டேன்னு." இரும்புக் கம்பியால் மூன்று மேட்டிலும் தலைமாட்டில் குத்திப் பார்த்தோம். இரண்டாவதில் மட்டும் 'டக்' என்றது. அம்மாவுடையதைத் தவிர அந்த வரிசையில் வேறு ரயில்வே சாவு இல்லை. படமும் குழாயும் ஒன்றையே சொல்கின்றன. பதிவேடும் குழந்தையைச் சேர்த்து எண்ணினால் ஒத்து வருகிறது. யாரோ அந்தக் குழந்தையையும் ஒரு ஆளாக மதித்திருக்கிறார்கள்.

சிலுவையைச் சரியான இடத்தில் நட்டோம். மெழுகுவர்த்தி ஏற்றினோம். இராஜம்மாவுக்கும் ஒன்று வைத்தேன், பழகிவிட்டதே.

கல்லுக்கு ஆள் சொல்லிவிட்டேன். வாசகம் அனுப்பு.

மழை இன்றைக்கும் விடாமல் பெய்கிறது. இதற்குமேல் எழுத வெளிச்சம் போதவில்லை.

அப்பா

*

சிட்னி,
27.6.1993

அப்பா,

குழியைக் கண்டுபிடித்துவிட்டீர்கள். படித்துவிட்டு என் மேஜையில் தலை வைத்துக் கொஞ்ச நேரம் அழுதேன். ஆனால் கேட்ட கேள்விக்குப் பதில் இல்லை. மழையைப் பற்றி எழுதியிருக்கிறீர்கள்.

என் பக்கத்துச் செய்தியைச் சொல்கிறேன். அந்த ஆறு ராத்திரியும் நான் பார்த்துக்கொண்டிருந்த வளையம் எச்சம் இல்லை. ரேடியோவில் வளையமாகத் தெரிந்தது, கந்தகமும் போதுமான அளவு இருந்தது என்று சந்தோஷப்பட்டு எழுதிவிட்டேன். இந்த வருடம் வேறொரு அலைநீளத்தில் ரேடியோவில் மறுபடி பார்த்தார்கள். எச்சம் என்றால் பிரகாசம் மாறியிருக்க வேண்டும், மாறவில்லை. எக்ஸ்ரேயில் ஒன்றுமே இல்லை, இருட்டு. அகச்சிவப்பில் தூசு நெருப்பு மாதிரி தெரிகிறது. அங்கே எந்த நட்சத்திரமும் சாகவில்லை. யாரோ பிறந்திருக்கிறார்கள்.

என் கந்தக அளவு எப்படித் தப்பானது என்று பார்க்க, அந்த ஆறு ராத்திரியின் பதிவுப் புத்தகத்தை வரவழைத்தேன். எந்த நேரத்தில் மேகம் வந்தது, எந்தப் படம் கெட்டது என்று தொலைநோக்கி உதவியாளர் நிமிஷக் கணக்கில் எழுதி வைத்திருப்பார். மார்ச் நான்காம் தேதி, மூன்றாவது ராத்திரி, பத்து மணிக்கு மெல்லிய மேகம் என்று இருக்கிறது. நான் கழிக்க மறந்த மேகம் அதுதான். அதற்கு அடுத்த வரி: 'பத்து பத்து. தொலைபேசி. மேரியைக் கேட்டு ஓர் ஆண். வெளிநாட்டு உச்சரிப்பு. அவசரம் இல்லை என்றார்.'

உதவியாளர் அன்றைக்கே என்னிடம் சொன்னார். எனக்கு இப்போது ஞாபகம் வருகிறது. நான் திரையைவிட்டுத் தலையைக்கூட நிமிர்த்தாமல் "சரி, அப்புறம்" என்றேன்.

மாமாவின் எழுத்து ஒரு சாட்சி. இந்த வரி இரண்டாவது. இரண்டுக்கும் ஒன்றை ஒன்று தெரியாது. அந்த ஆண் நீங்களா?

மேரி

*

செந்தூல்,
18.7.1993

அன்பு மகள் மேரிக்கு,

நான்தான்.

இரண்டு வாரமாக இந்த ஒரு சொல்லை எழுதிவிட்டுப் பேனாவை மூடி வைத்துக்கொண்டிருந்தேன். இன்று மூடாமல் எழுதுகிறேன்.

செவ்வாய்க்கிழமை காலையில் பாசாரில் காய் வாங்கிக்கொண்டு வந்த அம்மா, பையை இறக்கி வைக்கும்போதே ஒரு பக்கம் சாய்ந்துவிட்டாள். ஆஸ்பத்திரியில் அன்று சாயங்காலமே பேச்சு வந்தது, குழறலாக. முதலில் கேட்டது உன்னைத்தான். "மேரிக்குச் சொன்னீங்களா?" சொல்லிடறேன் என்றேன்.

மறுநாள் சாம்பல் புதன். கோயிலுக்குப் போய் நெற்றியில் சாம்பல் வாங்கிக்கொண்டு, ஆஸ்பத்திரிக்குப் போய், எட்டு மணிக்கு வீட்டுக்கு வந்தேன். நீ எழுதிக் கொடுத்திருந்த அந்த மலை நம்பரை எடுத்துக்கொண்டு புஷ்பவல்லி அக்கா வீட்டுக்குப் போனேன். அக்கா நம்பரைச் சுழற்றிக் கொடுத்துவிட்டு, எனக்குத் தனியாகப் பேச இடம் கொடுத்துச் சமையலறைக்குப் போய்விட்டார். நீதான் எடுப்பாய் என்று நினைத்திருந்தேன். ஒரு வெள்ளைக்காரர் எடுத்தார்.

பஸ்ஸில் அத்தனை தூரமும் இங்கிலீஷில் சொல்லிப் பார்த்துக்கொண்டுதான் வந்தேன். மை வைஃப், மேரி மதர், வெரி சிக். அவ்வளவுதான், மூன்று துண்டு. அந்தக் குரலைக் கேட்டதும் மூன்றும் ஓடிவிட்டன. "மேரி, ப்ளீஸ்" என்றேன். அவர் வேகமாக என்னவோ சொன்னார், நீ வேலையில் இருக்கிறாய் என்று போல. அப்புறம் நிதானமாகக் கேட்டார், எனக்கு நன்றாகப் புரியும்படி கேட்டார்: "இஸ் இட் அர்ஜென்ட்?"

மகளே, நான் ரயில்வேயில் சேர்ந்தது பதினேழு வயதில். அப்போது வெள்ளைக்கார ஃபோர்மன். தினமும் காலையில் சக்கர வரிசை ஓரமாக நடந்து வருவார், "எனி டிரபிள்?" என்பார். "நோ சார்" என்று சொல்ல வேண்டும். டிரபிள் இருந்தாலும் முதலில் "நோ சார்". அவர் போன பிறகு எங்கள் மேஸ்திரியான மண்டோரிடம் சொல்லி, மண்டோர் கிளார்க்கிடம் சொல்லி, கிளார்க் எழுதிக் கொடுப்பார். நேராகச் சொன்னவன் யாரும் கிடையாது. அந்தத் துரை ஊருக்குப் போய் முப்பது வருடத்துக்கு மேல் ஆகிறது. நானும் ரிட்டயர் ஆகிவிட்டேன். ஆனால் அந்தக் குரல் கேட்டதும் என் வாய் தானாகச் சொல்லியது: "நோ சார். நோ அர்ஜென்ட், சார். தேங்க் யூ, சார்." வைத்துவிட்டேன்.

அங்கே என் பெண்டாட்டி செத்துக்கொண்டிருக்கிறாள், நான் ஒருவருக்குத் தேங்க் யூ சொல்லிவிட்டு வந்தேன்.

திரும்பக் கூப்பிட்டிருக்கலாம். அக்காவைப் பேசச் சொல்லியிருக்கலாம், அவர் மகன் காலேஜ் படிக்கிறான், அவனைச் சொல்லச் சொல்லியிருக்கலாம். வெட்கமாக இருந்தது. அக்கா காப்பி கொண்டு வந்து, "என்ன சொன்னா புள்ள?" என்று கேட்டார். "வரேன்னு சொன்னா" என்றேன். ஒரு பொய் சொன்னேனா, அப்புறம் அதையே எல்லோரிடமும் சொல்ல வேண்டியதாகிவிட்டது.

ஆமாம், அம்மாவிடமும் சொன்னேன். வியாழக்கிழமை காலையில் போனதும் கேட்டாள். "வந்துக்கிட்டிருக்கா லேனா. பிளேன் ஏறிட்டா" என்றேன். அவள் முகத்தில் ஒரு பக்கம்தான் அசையும், அந்தப் பக்கத்தால் சிரித்தாள். நர்ஸைக் கூப்பிட்டுத் தலை வாரிவிடச் சொன்னாள், நீ வரும்போது பரட்டையாக இருக்கக்கூடாது என்று. அப்புறம் இரண்டு நாள் கதவைப் பார்த்தபடியே கிடந்தாள். யார் உள்ளே வந்தாலும், "மேரியா? மேரி எங்கே?" மாமா காதில் விழுந்தது அதுதான். அவருக்கும் நீ வரவில்லை என்பது மட்டும்தான் தெரியும், ஏன் என்று தெரியாது. உன்மேல் அவருக்கு உள்ளூரக் கோபம். அதையும் நான் விட்டுவைத்தேன்.

'அம்மாதான் வேண்டாம் என்றாள்' என்பது நான் அடக்கம் முடிந்த ராத்திரி கட்டின கதை. ஆறு ராத்திரி, ஒரு வருஷக் காத்திருப்பு, எல்லாம் நீ எழுதியிருந்தது. எடுத்து அவள் வாயில் வைத்துவிட்டேன். செத்தவள் மறுக்க மாட்டாள் என்ற தைரியம். பெரிய படிப்புக்காகச் செய்த தியாகம் என்று சொன்னால் எல்லோரும் தலையாட்டினார்கள். கோயிலில் சாமியார்கூட ஒரு பிரசங்கத்தில் சொன்னார். நான் முன் பெஞ்சில் உட்கார்ந்து கேட்டுக்கொண்டிருந்தேன்.

அங்கே நட்சத்திரம் சாகவில்லை, பிறந்தது என்று எழுதியிருந்தாய். படித்ததும் முதலில் எனக்குக் கோபம் வந்தது, என் சாக்கும் போய்விட்டதே என்று. அப்படிப்பட்ட மனுஷன் நான்.

மாமாவிடம் நேற்றுப் போய் எல்லாவற்றையும் சொன்னேன். கேட்டுவிட்டு உள்ளே போய்க் கதவைச் சாத்திக்கொண்டார். அரை மணி நேரம் வாசலில் நின்றேன். அவர் மனைவி சாந்தி வந்து, "அப்புறம் வாங்கண்ணே" என்றாள்.

நீயும் கதவைச் சாத்தலாம். எனக்கு நீ எழுத வேண்டாம் என்றாலும் சரி. கல்லுக்கு வாசகம் மட்டும் அனுப்பு. அதில் என் பெயரைப் போட வேண்டாம்.

அப்பா

*

சிட்னி,
8.8.1993

அப்பா,

கடிதத்தைப் படித்தேன். மறுபடி படிக்க இப்போது முடியாது.

உங்களை மன்னித்துவிட்டேன் என்று எழுத வரவில்லை. வந்தால் எழுதுகிறேன். அந்த ராத்திரி ஒருவர் என்னைத் தேடுகிறார் என்று சொல்லியும் நான் தலை நிமிரவில்லை. அதை என்ன செய்வது என்றும் எனக்குத் தெரியவில்லை.

கல்லில் பெயர், பிறந்த தேதி, இறந்த தேதி போதும். மகதலேனா, இக்னேஷியஸின் மனைவி, சாந்தமேரியின் தாய். என் முழுப் பெயரையே போடுங்கள். உங்கள் பெயர் இருக்கட்டும். அது உண்மைதானே.

அக்டோபர் முப்பதாம் தேதி சுபாங்கில் இறங்குகிறேன். கல்லறைத் திருநாள் வரை இருப்பேன். விமான நிலையத்துக்கு நீங்கள் வர வேண்டாம். மாமாவுக்கு எழுதியிருக்கிறேன், அவர் வருவார். நேராகக் கிள்ளானுக்குப் போகிறேன், அங்கே நான் மட்டும் போகிறேன். அதற்குப் பிறகு செந்தூலுக்கு வருகிறேன்.

நான் வந்துகொண்டிருக்கிறேன் என்று அம்மாவிடம் சொல்லியிருக்கிறீர்கள். முதலில் அங்கே போய், வந்துவிட்டேன் என்று நான் சொல்ல வேண்டும்.

மேரி